பின்னூட்டம் இல்லாமல் வந்த அத்தான்

தங்கை தன்னுடைய புதிய தளத்துக்காக அக்காவின் பழைய தளத்திலிருந்து நாற்பத்தோராயிரம் பதில்களை நகலெடுத்தது ஒரு திங்கட்கிழமை. காலை பதினொன்றரை மணிக்கு வேலை முடிந்தது. பதினொன்றே முக்காலுக்கு அந்தப் பதில்களை எழுதிய இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் படியேறி வந்து அவளுடைய வீட்டில் உட்கார்ந்துகொண்டார்கள். வீடு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில், மொத்தம் இரண்டு அறை. அதற்குள் இத்தனை பேர் எப்படி அடங்கினார்கள் என்று பிறகு பலரும் கேட்டார்கள். ஒவ்வொருவரும் தாங்கள் எழுதிய பதில்களின் எண்ணிக்கைக்குத் தக்க உயரத்தில்தான் இருந்தார்கள். ஒரே ஒரு பதில் எழுதிவிட்டுக் காணாமல் போனவர்கள் விரல் உயரத்தில் ஜன்னல் விளிம்பில் வரிசையாக நின்றார்கள். ஐம்பது அறுபது எழுதியவர்கள் அலமாரித் தட்டுகளில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டார்கள். ஆயிரத்தைத் தாண்டியவர்களுக்குத்தான் நாற்காலி தேவைப்பட்டது. வந்தவர்களை நிற்கவைக்கக் கூடாது என்று தங்கை கட்டிலில் கிடந்த துணிகளை அள்ளி மூலையில் போட்டாள்.

இத்தனைக்கும் காரணம் பொறாமை. முதலிலேயே சொல்லிவிடலாம், சுற்றி வளைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அக்காவின் தளம் வீட்டுச் சாமான்கள் பழுதானால் கேள்வி கேட்கும் இடம். மிக்ஸி புகைகிறது, வாஷிங் மெஷின் நடனமாடுகிறது, மோட்டார் ஓடுகிறது ஆனால் தண்ணீர் ஏறவில்லை என்று ஜனங்கள் எழுதுவார்கள். விஷயம் தெரிந்தவர்கள் பதில் எழுதுவார்கள். அக்கா அதைத் தன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பதினெட்டு வருடமாக நடத்திவந்தாள். பின்பக்கத்துக் கொட்டகையில் அவள் கணவர், அதாவது தங்கைக்கு அத்தான், மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டிக்கொண்டிருந்தார். வேலைக்கு நடுவே கையைத் துடைத்துவிட்டு இரண்டு விரலால் தட்டித் தட்டி அவர் எழுதிய பதில்கள் மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றும் ஒரே மாதிரிதான் தொடங்கும்: மோட்டார் எத்தனை எச்.பி., வாங்கி எத்தனை வருஷமாச்சு, சத்தம் வருதான்னு சொல்லுங்க. கேள்வி கேட்டவர் பாதி விவரத்தை ஏற்கெனவே எழுதியிருந்தாலும் அவர் கேட்பார். டாக்டர் கூட இத்தனை பொறுமையாகக் கேட்பதில்லை என்று ஜனங்கள் உருகினார்கள்.

தங்கை ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் நிரல் எழுதுகிற வேலை பார்த்தாள். அக்கா தளத்தின் பக்கங்களில் பாதியை விடுமுறை நாட்களில் வந்து எழுதிக் கொடுத்தவள் அவள்தான், ஆனால் அவள் பெயர் எந்தப் பக்கத்தின் அடியிலும் இல்லை. நகலெடுத்த திங்கட்கிழமைக்குப் பதினோரு வருடம் முன்னால், தளத்தைத் தானும் சேர்ந்து நடத்தட்டுமா என்று அக்காவிடம் கேட்டாள். ஒரே உறையில் இரண்டு கத்தி நிற்காது என்று அக்கா சொன்னாள். அதே வாரம் தங்கை வீட்டு மோட்டார் கெட்டுப்போனது. அக்காவிடம் நேரில் சொல்ல ரோஷம் இடம் கொடுக்கவில்லை. எல்லோரையும் போலத் தளத்தில் கேள்வியாகப் போட்டாள். அத்தான் எல்லோருக்கும் சொல்வது போல 'ங்க' போட்டுப் பதில் எழுதினார். பிறகு அந்தப் பதிலுக்குக் கீழே, மச்சினிக்கு என்று தனியாக ஒரு பின்னூட்டம் எழுதினார். தங்கை அதைப் படிப்பதற்குள் அக்கா அதை மறைத்துவிட்டாள். தளத்தை நடத்துகிறவர்களுக்கு அந்த வசதி உண்டு. அதில் என்ன இருந்தது என்பது அதற்குரிய இடத்தில் வரும். மோட்டார் சரியானது, தங்கை அதோடு அக்கா தளத்துக்கு வருவதை நிறுத்தினாள்.

எட்டு வருடம் கழித்து அத்தான் கொட்டகையில் கையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே இறந்துபோனார். அதற்கும் இரண்டரை வருடம் கழித்துத் தங்கை தன் தளத்தைத் தொடங்கினாள். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள். வளை தனியாகத்தான் இருந்தது, எலிதான் வரவில்லை. ஏழு மாதத்தில் ஒன்பது பேர் சேர்ந்தார்கள், அதில் நான்கு பேர் வெவ்வேறு பெயரில் அவளே. ஒரு பெயரில் கேள்வி கேட்டு இன்னொரு பெயரில் பதில் சொல்லி மூன்றாம் பெயரில் நன்றி சொன்னாள். அந்த நேரத்தில் அக்கா தளத்தைத் திறந்து பார்த்தால் அங்கே ஒரு தோசைக்கல் பிடியைப் பற்றி நாற்பது பேர் விவாதித்துக்கொண்டிருப்பார்கள். தங்கைக்கு வயிறு எரிந்தது. வயிறு எரிந்தவள் சும்மா இருக்கவில்லை, ஒரு நிரல் எழுதினாள்.

திருட்டா என்றால் திருட்டு இல்லை. அக்கா தளத்தின் அடியிலேயே, இங்கே உள்ளதை யாரும் எங்கும் எடுத்துப் போடலாம், எழுதியவர் பெயரை மட்டும் விட்டுவிடக் கூடாது என்று சின்ன எழுத்தில் இருந்தது. அந்த வரியை எழுதியதும் தங்கையேதான். அவள் ஒரு பெயரைக்கூட விடவில்லை, ஆட்கள் வந்ததற்கு அதுதான் காரணம். பின்னாளில் வேறு ஒருவன் பெயர்களையெல்லாம் வெட்டிவிட்டு அதே பதில்களை நகலெடுத்தான். அவன் வீட்டு வாசலுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு ஜோடி செருப்புகள் மட்டும் வந்து சேர்ந்தன.

எடுக்கலாமா கூடாதா என்று இரண்டு கட்சி உண்டானது. அறிவு என்ன கத்திரிக்காயா, எடுத்தால் குறைவதற்கு என்றது ஒரு கட்சி. ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று பரிமாறுகிறாள் என்றது இன்னொன்று. இரண்டு கட்சிக்காரர்களும் தங்கை தளத்துக்கு வந்து தங்களுக்கு வேண்டியதைப் படித்துவிட்டு, ஒரு வார்த்தை எழுதாமல் போனார்கள். எழுத என்ன இருக்கிறது? கேட்க வேண்டிய கேள்வியெல்லாம் கேட்டாகிவிட்டது, பதிலும் இருக்கிறது. தங்கையின் வீடு கல்யாண மண்டபம் போல நிறைந்திருந்தும் அவளிடம் பேச ஆளில்லை. வந்து உட்கார்ந்தவர்கள் எழுதியதை மட்டும்தான் பேசினார்கள். மிக்ஸிக்காரரிடம் காலையில் சௌக்கியமா என்று கேட்டால், ஜாரின் அடியில் உள்ள ரப்பரைக் கழற்றிப் பாருங்கள் என்பார். சாப்பாடு தூக்கம் எதுவும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. தூசு மட்டும் படிந்தது. தினமும் அலுவலகம் போகும் முன் தங்கை ஒரு துணியை எடுத்து எல்லோரையும் துடைத்தாள்.

அத்தான் முன்னறையில் இருந்த ஒரே மெத்தை நாற்காலியில் முழு உயரத்துக்கு உட்கார்ந்திருந்தார். வெளிர்நீலச் சட்டை. தளத்தில் அவர் பெயருக்குப் பக்கத்தில் இருந்த புகைப்படத்தில் எந்தச் சட்டையோ அதேதான். அந்தப் படம் கணவனும் மனைவியுமாக எடுத்துக்கொண்டது. அக்கா தன்னை வெட்டிவிட்டு அவரை மட்டும் போட்டிருந்தாள். வெட்டியதில் அவர் இடது தோள்மேல் இருந்த அவளுடைய கை முழுக்கப் போகவில்லை. நாலு விரல் தங்கிவிட்டது. ஆகவே இங்கே வந்தவரின் தோளிலும் நாலு விரல் இருந்தது, மோதிரத்தோடு. தங்கை முதல் வாரம் அந்த இடத்தை மட்டும் கொஞ்சம் அழுத்தியே துடைத்தாள். அவை போகவில்லை.

முதலில் நேரில் வந்தது பிரிட்ஜ் மெக்கானிக். அவருடைய நகல் இடுப்பு உயரத்தில், ஒன்பது வருடத்துக்கு முந்தைய புகைப்படத்தின்படி தலை நிறைய முடியோடு, பீரோவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. மெக்கானிக் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்தார். கூட வந்திருந்த அவர் மனைவி, அவரை விட அதிக நேரம் பார்த்தாள். இவரை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாமா என்று தங்கையிடம் கேட்டாள். மெக்கானிக்குக் காது சிவந்தது. ஆனால் அவர் வந்த விஷயம் வேறு. பிரிட்ஜைப் படுக்கவைத்து வண்டியில் ஏற்றி வேறு வீட்டுக்குக் கொண்டுபோனால் போனதும் போடலாமா என்று யாரோ ஒரு காலத்தில் கேட்டதற்கு, தாராளமாகப் போடலாம் என்று அவர் அவசரத்தில் எழுதியிருந்தார். மறுநாளே தவறு தெரிந்து, நிமிர்த்தி வைத்து நாலு மணி நேரமாவது விட்டுத்தான் போட வேண்டும் என்று பின்னூட்டத்தில் திருத்தினார். அக்கா தளத்தில் அந்தத் திருத்தம் இருந்தது. தங்கை பின்னூட்டங்களை எடுக்கவில்லை. இப்போது தங்கை தளத்தைப் படித்துவிட்டு வீடு மாற்றிய ஒருவர் கம்ப்ரெஸரைப் பறிகொடுத்துவிட்டு மெக்கானிக்கின் பெயரைத் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"டேய், அது தப்புடா. நாலு மணி நேரம்னு சொல்லு" என்று மெக்கானிக் தன் நகலிடம் குனிந்து சொன்னார்.

"தாராளமா போடலாம் சார், பயப்படாதீங்க" என்றது நகல்.

ஏன் பின்னூட்டங்களை விட்டாய் என்று அவர் கேட்டதற்கு இடம் பற்றாது என்றாள் தங்கை. அது பொய். அக்கா தளத்தில் அத்தானின் பதில்களுக்குக் கீழே அக்காவும் அத்தானும் எழுதிக்கொண்டவை மட்டும் ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு பின்னூட்டங்கள். ஒருவர் முன்னறையிலும் ஒருவர் கொட்டகையிலும் இருந்துகொண்டு, எழுந்து போய்ப் பேசச் சோம்பல்பட்டு, ஊருக்கெல்லாம் தெரியும்படி அங்கேயே பேசிக்கொண்டார்கள். சாப்பாடு ஆறுது என்று அவள் எழுதுவாள். இந்த ஒரு மோட்டாரை முடிச்சிட்டு வரேன், நீ உக்காரு என்று அவர் எழுதுவார். காயில் எரிந்துபோன ஒரு மோட்டாரைப் பற்றி இருபது வரி எழுதிவிட்டு அடியில், நேத்து நீ கட்டியிருந்த புடவை நல்லாருந்துச்சு என்று எழுதியதும் உண்டு. தங்கை நிரல் எழுத உட்கார்ந்தபோது அவற்றில் பத்துப் பதினைந்தைப் படித்தாள். அதற்கு மேல் படிக்க முடியவில்லை. எல்லாப் பின்னூட்டங்களையும் தவிர்க்கவும் என்று ஒரு வரி சேர்த்தாள். அந்த ஒரு வரியில் ஒருவரின் கம்ப்ரெஸர் போனது.

மெக்கானிக் வீட்டுக்குப் போய்த் தங்கை தளத்தில் தன் பெயரில் சேர்ந்து அந்தக் கேள்விக்குப் புதிதாகப் பதில் எழுதினார். ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இராது; உட்கார்ந்த சூட்டில் பிரிட்ஜ் கேள்விகள் அத்தனைக்கும் பத்து நாளில் எழுதி முடித்தார். அவர் ஒவ்வொன்றாக எழுத எழுதத் தங்கை வீட்டில் இருந்த நகல் குறுகிக்கொண்டே வந்தது. கடைசிப் பதிலன்று அது விரல் உயரத்தில் தங்கைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் படியிறங்கிப் போனது. முடி மட்டும் கடைசி வரை அடர்த்தியாகவே இருந்தது என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் சொன்னார். விஷயம் பரவியதும் மற்றவர்களுக்கும் மூக்கு வியர்த்தது. தங்கள் நகல் எவ்வளவு உயரம் என்று பார்க்க வரிசையில் வந்தார்கள். தையல் மெஷின் அம்மாள் தான் முழங்கால் அளவு என்றும், தனக்கு ஆகாத வாஷிங் மெஷின் அம்மாள் தோள் அளவு என்றும் கண்டு, அன்றைக்கே நூற்று இருபது புதிய பதில் எழுதினார். அதைப் பார்த்து வாஷிங் மெஷின் அம்மாள் இருநூறு எழுதினார். இரண்டு வருடத்தில் தங்கையின் அறைகள் காலியாகிவிட்டன, தளம் நிறைந்துவிட்டது. புதிதாகக் கேள்வி கேட்கவும் ஆட்கள் வந்தார்கள், ஏனென்றால் இப்போது சண்டை போடவும் அங்கே ஆட்கள் இருந்தார்கள். பொறாமையால் கெட்ட குடும்பம் எத்தனையோ உண்டு, பொறாமையால் உருப்பட்ட தளம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

அத்தான் மட்டும் போகவில்லை. தன் பதில்களைப் புதிதாக எழுத அவர் உயிரோடு இல்லை.

அக்காவுக்கு அவர் அங்கே இருக்கும் விஷயம் மெக்கானிக் மூலமாகத்தான் தெரிந்தது. அது முதல் வருடத்திலேயே. நகலெடுத்ததையெல்லாம் அழிக்கவேண்டும் என்று ஒரு கடிதம் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டு, இரண்டு வருடமாக மிதிக்காத தங்கை வீட்டுப் படியை மிதித்து ஏறினாள். கதவு திறந்ததும் கடிதம் மறந்துபோனது. நாற்காலியில் வெளிர்நீலச் சட்டை. தோளில் தன்னுடைய விரல்.

"என்னங்க" என்றாள்.

அவர் மரியாதையாகத் திரும்பிப் பார்த்தார். "மோட்டார் எத்தனை எச்.பி., வாங்கி எத்தனை வருஷமாச்சு, சத்தம் வருதான்னு சொல்லுங்க."

அக்கா இன்னும் ஒரு அடி கிட்டே போய் நின்றாள். அவளை அவருக்குத் தெரியவில்லை. அவளோடு பேசியதெல்லாம் பின்னூட்டத்தில் இருந்தது. வந்தவர் பின்னூட்டம் இல்லாமல் வந்தவர். தங்கை எழுந்து தண்ணீர் கொடுத்தாள். அக்கா வாங்கவில்லை.

"நீ சொன்னா எல்லாத்தையும் இப்பவே அழிச்சிடறேன். இவரும் போயிடுவாரு. உன் இஷ்டம்" என்றாள் தங்கை.

"மத்தவங்களை அழி. இவர் இருக்கட்டும்."

"அப்படிப் பிரிக்க முடியாதுக்கா. எல்லாம் ஒரே மூட்டை."

பிரிக்க முடியும். ஐந்து நிமிட வேலை. ஆனால் அவருக்கு அடையாளம் தெரியாமல் போன முகத்தோடு அக்கா நின்றதைப் பார்த்தபோது தங்கைக்கு ஒரு நொடி இனித்தது, பிறகு அந்த இனிப்பு பயமாக இருந்தது, அந்தக் குழப்பத்தில் வாய் அப்படிச் சொல்லிவிட்டது. அக்கா கடிதத்தை எடுக்காமலேயே இறங்கிப் போனாள். வீட்டுக்குப் போனதும் ஒரு இணைய வேலைக்காரரை வைத்துத் தன் தளத்திலிருந்து தனக்கே இன்னொரு தளத்துக்கு எல்லாவற்றையும், பின்னூட்டத்தோடு சேர்த்து, நகலெடுக்கச் சொன்னாள். கொட்டகையைக் கழுவி, நாற்காலியைத் துடைத்துப் போட்டு, வாசலைப் பார்த்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்திருந்தாள். யாரும் வரவில்லை. தன் பொருளைத் தானே எடுத்துக்கொண்டால் அதோடு யார் வருவார்கள்?

நான்காம் நாள் அவள் மறுபடி படியேறினாள். பேச்சுவார்த்தை சுருக்கமாக முடிந்தது. தங்கை தளத்தில் பின்னூட்டப் பெட்டி ஒன்று திறக்கவேண்டும். தினமும் மாலை நான்கு மணிக்கு, தங்கை அலுவலகத்திலிருந்து திரும்பியதும், அக்கா வருவாள். ஒரு பின்னூட்டத்தை, ஒன்றே ஒன்றை, தன் கையால் தட்டிச் சேர்ப்பாள். அப்போது தங்கை உள்ளறையில் இருக்கவேண்டும், கதவு சாத்தியிருக்கவேண்டும். ஐந்து மணிக்கு அதை அழித்துவிட்டுப் போவாள். ஏன் அழிக்கவேண்டும் என்று தங்கை கேட்டாள்.

"உன் வீட்ல விட்டுட்டுப் போறதுக்கா நான் பதினெட்டு வருஷம் சேத்து வச்சேன்" என்றாள் அக்கா.

முதல் நாள் அவள் தேர்ந்தெடுத்தது சாதாரணமான ஒன்றுதான். தட்டி முடித்ததும் நாற்காலியில் இருந்தவரின் முகம் தளர்ந்தது. அவளைப் பார்த்து, இந்த ஒரு மோட்டாரை முடிச்சிட்டு வரேன், நீ உக்காரு என்றார். அவள் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரத்தில் அவர் அதைப் பதினேழு முறை சொன்னார், அவள் பதினேழு முறையும் தலையாட்டினாள். ஐந்து மணிக்கு அதை அழித்தாள். அவர் மோட்டார் எத்தனை எச்.பி. என்று கேட்டார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். உள்ளறையில் தங்கை குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். குழாய்ச் சத்தம், கேட்கவில்லை என்று காட்டுவதற்கு. அந்த வருடம் அந்த வீட்டில் தண்ணீர் மிக அதிகமாகச் செலவானது.

இப்படியே நடந்திருக்கும், ஆனால் தங்கை தளத்துக்கு மோட்டார்க்காரர்களும் வரத் தொடங்கினார்கள். புதுவகை மோட்டார்கள், புதுவகைக் கோளாறுகள். அவர்கள் பழைய கேள்விகளுக்கும் சேர்த்துப் புதிதாக எழுதினார்கள். யார் புதிதாக எழுதினாலும் நகலெடுத்த பழைய பதில் அங்கிருந்து போய்விடும். இரண்டாம் வருடக் கடைசியில் அக்கா கவனித்தாள், அவருடைய கால் தரையில் படவில்லை. மூன்றாம் வருடம் நாற்காலியில் தலையணை வைத்து உட்காரவைத்தாள். ஒரு பதில் போனால் அதற்குக் கீழே பின்னூட்டம் போட இடமும் போனது. புடவையைப் பற்றி அவர் எழுதியதை நல்ல நாள் பார்த்துத் தட்டலாம் என்று அக்கா வைத்திருந்தாள். அந்தக் காயில் எரிந்த மோட்டார் கேள்விக்கு ஒரு காலேஜ் வாத்தியார் படம் வரைந்து பதில் எழுதிவிட்டார். மூன்று நாள் அவள் சாப்பிடவில்லை. அந்த வாத்தியாரின் பதிலைத் திரும்பத் திரும்பப் படித்துத் தப்பு தேடினாள், கிடைக்கவில்லை. மோட்டார்க் கேள்விகளைப் பூட்டிவிடு என்று தங்கையிடம் கேட்டாள். அக்கா அவளிடம் ஒன்றைக் கெஞ்சிக் கேட்பது வாழ்க்கையில் அதுவே முதல் தடவை.

"வீட்ல தண்ணி ஏறலன்னு வர்றவங்ககிட்ட நான் என்னக்கா சொல்றது? அத்தான் இருந்தா ஒத்துப்பாரா?" என்றாள் தங்கை.

அத்தான் ஒத்துக்கொள்ள மாட்டார் என்பது இருவருக்கும் தெரியும். அத்தான் என்ன சொல்வார் என்பதைத் தங்கை சொல்லித் தான் கேட்கவேண்டியிருக்கிறதே என்று அக்காவுக்கு மனம் வெந்தது. ஆனாலும் நான்கு மணிக்கு வருவதை நிறுத்தவில்லை. இதற்கிடையே அக்கா தளத்துக்கு ஆள் வருவது குறைந்து, ஐந்தாம் வருடம் அவள் அதைச் சாத்தினாள். பின்னூட்டங்களை மட்டும் ஒரு நோட்டில் கையால் எழுதி எடுத்துக்கொண்டாள்.

ஆறாம் வருடம் அவர் விரல் உயரத்துக்கு வந்து ஜன்னல் விளிம்புக்குப் போனார். மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டில் மிஞ்சியது ஒரே ஒரு பதில். தங்கை பதினேழு வருடத்துக்கு முன்னால் ரோஷத்தோடு கேட்ட அந்தக் கேள்வி, மோட்டார் உறுமுகிறது ஆனால் சுற்றவில்லை என்பது. அந்தக் கம்பெனி மோட்டார் வேறு யார் வீட்டிலும் இல்லாததால் அதற்கு யாரும் புதிதாக எழுதவில்லை. அதற்குக் கீழே போட அக்காவின் நோட்டிலும் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. மற்ற எல்லாப் பின்னூட்டமும் அவளுக்கு எழுதியவை, அவற்றுக்கு இனி இடமில்லை. இது மச்சினிக்கு எழுதியது, அன்றைக்கு அவள் மறைத்தது.

நாற்பது நாள் அவள் வெறுமனே வந்து உட்கார்ந்துவிட்டுப் போனாள். நோட்டைத் திறக்கவில்லை. தங்கை வழக்கம்போல உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டாள். வெளியே பேச்சில்லை என்று தெரிந்ததும் மூடினாள். அக்கா திருந்தினாள் என்றோ, தங்கைக்கு நியாயம் செய்ய நினைத்தாள் என்றோ யாரும் எழுதிவைக்க வேண்டாம். நாற்பது நாளாக அந்தக் குரலில் எச்.பி.யைத் தவிர வேறு எதுவும் கேட்காமல் அவளுக்குத் தாகம் எடுத்துவிட்டது. தனக்குச் சொல்லாவிட்டாலும் போகிறது, அந்த வாய் வேறு ஏதாவது சொல்லட்டும் என்று தோன்றியது. நாற்பத்தோராம் நாள் அவள் உள்ளறைக் கதவைத் தட்டினாள்.

"இங்க வா. ஜன்னல்கிட்ட நில்லு."

தங்கை ஈரக்கையோடு வந்து நின்றாள். அக்கா நோட்டைப் பார்க்காமலேயே தட்டினாள். பதினேழு வருடமாக அவளுக்கு அது மனப்பாடம். விரல் உயர மனிதர் ஜன்னல் விளிம்பில் திரும்பித் தங்கையை நிமிர்ந்து பார்த்தார்.

"கேள்வி கேக்கத் தெரிஞ்சவங்க ஆயிரத்துல ஒருத்தர்தான், உனக்குத் தெரியுது. நீயே ஒரு தளம் ஆரம்பி. உன் அக்காகிட்ட நான் பேசிக்கறேன். நான் அங்கயும் வந்து எழுதுவேன்."

ஜன்னலுக்குக் கீழே மூக்குக்கண்ணாடிக் கடையில் யாரோ எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்துக்காட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தான் இன்னொரு முறை சொன்னார். மூன்றாம் முறையும் சொன்னார்.

"இத்தனை வருஷமா வச்சிருந்தியா" என்றாள் தங்கை.

"ம்" என்றாள் அக்கா.

"அன்னிக்கே பாத்திருந்தா நான் எதையும் நகல் எடுத்திருக்க மாட்டேன்."

"தெரியும். இவரும் வந்திருக்க மாட்டார்."

ஐந்து மணி ஆனது. அக்கா அதை அழிக்கவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

இது நடந்து நான்கு வருடம் ஆகிறது. எந்தக் கேள்விக்கும் யாரும் எப்போதும் பதில் எழுதலாம் என்பது தங்கை தளத்தின் விதி. ஒரு கேள்விக்கு மட்டும் விலக்கு உண்டு. காரணம் கேட்டு எழுதுகிறவர்களுக்கு, இடமில்லை என்று பதில் போகும். ஜன்னல் விளிம்பைத் தங்கை தினமும் துடைக்கிறாள். தோளில் உள்ள நாலு விரலும் இப்போது எள் அளவுதான், அவற்றை மட்டும் அவள் தொடுவதில்லை; அது அக்காவின் பங்கு, செவ்வாயும் வெள்ளியும் பஞ்சால். அக்கா அழுத்தித் துடைக்கிறாள் என்று தங்கைக்கும், தங்கை துடைப்பதே துடைப்பில்லை என்று அக்காவுக்கும் குறை உண்டு. தங்கை அறைக்குள் வந்தால் அவர் நிமிர்ந்து பார்த்து, நீயே ஒரு தளம் ஆரம்பி என்கிறார். ஆரம்பிச்சாச்சு அத்தான் என்று சொல்லிவிட்டு அவள் அலுவலகத்துக்குக் கிளம்புகிறாள். அக்கா வந்தால் அவளை அவருக்குத் தெரிவதில்லை. மோட்டார் எத்தனை எச்.பி., வாங்கி எத்தனை வருஷமாச்சு, சத்தம் வருதான்னு சொல்லுங்க என்கிறார். அவர் கட்டிக்கொடுத்த மோட்டார்தான் இன்னும் அவள் வீட்டில் ஓடுகிறது.

"அரை எச்.பி.ங்க. இருபத்தெட்டு வருஷமாச்சு. சத்தம் ஒண்ணும் இல்லைங்க" என்கிறாள் அக்கா.

"உறுமுதுன்னா கண்டென்சரைப் பாருங்க. மோட்டாரைக் குறை சொல்லாதீங்க."

"சொல்லலைங்க" என்கிறாள். அதற்குள் தங்கை இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்து வைக்கிறாள், எது நிறைய இருக்கிறது என்று அக்கா பார்த்து எடுத்துக்கொள்கிறாள்.